காப்பியரை வாடகைக்கு விடுவோருக்கு ஒரு திறந்த மடல்

அலுவலகங்களுக்குக் காப்பியர் வாடகைக்குத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். ஒப்பந்தம் முடிந்ததும் உங்கள் ஆட்கள் வருகிறார்கள். மீட்டர் ரீடிங்கைக் குறித்துக்கொள்கிறார்கள், ட்ரே உடைந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு மெஷினை வண்டியில் ஏற்றுகிறார்கள். நகல், ஸ்கேன் எடுத்த ஆவணங்கள் பதிவாகும் ஹார்ட் டிஸ்க் உள்ளே இருக்கிறதே, அதை யாராவது அழித்தார்களா என்று மட்டும் கேட்பதில்லை.

அழிப்பது வாடிக்கையாளர் பொறுப்பு, ஒப்பந்தத்திலேயே இருக்கிறது என்பீர்கள். இருக்கலாம். ஆனால் காப்பியருக்குள் டிஸ்க் ஒன்று இருப்பதே பல அலுவலகங்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அட்மின் பாஸ்வேர்டு உங்கள் சர்வீஸ் ஆளிடம்தான் இருக்கும். சரி, டிஸ்க்கையே கழற்றி வைத்துக்கொள்ளலாம் என்றால் அது உங்கள் சொத்து. போதாததற்கு, சில மாடல்களில் மெஷினை இயக்கும் மென்பொருளும் அதே டிஸ்க்கில் இருப்பதால், கழற்றினால் மெஷினே ஓடாது.

இது வீண் பயம் இல்லை. 2010இல் அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சி, நியூ ஜெர்சியில் ஒரு கிடங்கிலிருந்து நான்கு பழைய காப்பியர்களை வாங்கிப் பார்த்தது. ஒன்று பஃபலோ நகரக் காவல்துறையின் பாலியல் குற்றப் பிரிவில் இருந்தது. இன்னொன்று அஃபினிட்டி ஹெல்த் பிளான் என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் வாடகைக்கு வைத்திருந்தது. நோயாளிகளின் மருத்துவக் குறிப்புகள் அதில் அப்படியே இருந்தன. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று அந்த நிறுவனமே கணக்குச் சொன்னது. 2013இல் அமெரிக்க சுகாதாரத் துறையுடன் சமரசம் செய்து 12,15,780 டாலர் கட்டவும் ஒப்புக்கொண்டது. டிஸ்க்கை அழிக்காமல் மெஷினைத் திருப்பிக் கொடுத்தது பெரிய குற்றச்சாட்டு. வாடகைக்கு எடுத்தவர் தலையில் இவ்வளவு விழுகிறது என்றால், அதைத் தவிர்க்கும் வழியை அவர் கைக்கு எட்டும்படி வைக்க வேண்டாமா?

நகலும் ஸ்கேனும் வேலை முடிந்ததும் தானாக அழிந்துவிடும் என்று விற்பனையாளர்கள் சொல்வதுண்டு. பெரும்பாலும் அழிவது கோப்பின் முகவரிதான். அதன்மேல் வேறு தரவு எழுதப்படும் வரை உள்ளடக்கம் கிடக்கும், மீட்டெடுக்கும் மென்பொருளும் தாராளமாகக் கிடைக்கிறது. எனக்கு இதைவிடக் கவலை, ஆவணம் அல்லாத சங்கதிகள்தான். முகவரிப் பட்டியல், ஃபேக்ஸ் எண்கள், ஸ்கேனை மின்னஞ்சலுக்கோ சர்வர் ஃபோல்டருக்கோ அனுப்புவதற்காகக் கொடுத்துவைத்த பாஸ்வேர்டுகள், வைஃபை சாவி. ஆவணம் பழசாகிப் போகலாம். பாஸ்வேர்டு, யாராவது மாற்றும் வரை, மெஷின் போன பிறகும் வேலை செய்யும்.

ஃபேக்டரி ரீசெட் கொடுத்துவிட்டோம் என்பதும் போதாது. பல மெஷின்களில் அது செட்டிங்குகளை மட்டும் பழைய நிலைக்குக் கொண்டுபோகும். டிஸ்க் முழுவதும் மேலெழுதி அழிக்கும் வசதி வேறு மெனுவில் இருக்கும். டிஸ்க் பெரிதாக இருந்தால் மணிக்கணக்கில் ஓடும். வண்டி வாசலில் ஹாரன் அடிக்கும்போது தொடங்குகிற வேலை இல்லை அது. சுழலும் டிஸ்க்குக்குப் பதில் சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி இருக்கும் மாடல்களில் மேலெழுதினாலும் சில பகுதிகள் விட்டுப்போகும். அங்கே தரவு தொடக்கத்திலிருந்தே குறியாக்கத்தில், அதாவது ஒரு ரகசியச் சாவி இல்லாமல் படிக்க முடியாத வடிவத்தில் இருந்து, கடைசியில் அந்தச் சாவியை அழிப்பதுதான் நம்பகமான வழி. குறியாக்கத்தையும் அழிக்கும் வசதியையும் கூடுதல் கிட் என்று தனி விலை வைத்து விற்பவர்களும் உங்களில் உண்டு. பிரேக்குக்குத் தனிக் காசு கேட்பது போல இருக்கிறது.

ஆகவே, மெஷினைப் பொருத்தும் நாளிலேயே குறியாக்கத்தை இயக்கிக் கொடுங்கள். ஒப்பந்தம் முடிவதற்குச் சில வாரம் முன்பே அழிக்கும் நாளைக் குறித்து, உங்கள் டெக்னீஷியனை அனுப்புங்கள். எங்கள் ஆள் பக்கத்தில் நிற்கும்போதே அழிக்கட்டும், பிறகு வண்டியில் ஏறட்டும். சீரியல் எண், அழித்த முறை, தேதி போட்டு ஒரு சான்று தாருங்கள். டிஸ்க்கை நாங்களே வைத்துக்கொள்ள விரும்பினால் அதன் விலையை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். அடுத்த முறை கையெழுத்துக்கு நீட்டும் படிவத்தில், ட்ரேக்கும் பவர் கார்டுக்கும் மேலே, டிஸ்க்குக்கு ஒரு கட்டம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் மெஷினைப் பயன்படுத்தும் அலுவலக ஊழியர் ஒருவர்