தலைதட்டி அளந்தவருக்கு நன்றி

கிறிஸ்துவுக்குள் அன்பானவர்களே, ஸ்தோத்திரம்.

நம் பள்ளிப் பிள்ளைகளின் மதியச் சாப்பாடு ஒரு நாள்கூட நிற்கவில்லை. எந்த நிலைமையில் நிற்காமல் நடந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஆண்டுத் தொடக்கத்தில் 180 தட்டுக்குப் போட்ட திட்டம், பாதி ஆண்டில் 260 தட்டானது. தலைக்கு 100 கிராம் தானியம் என்றால் நாளுக்கு 8 கிலோ கூடுதல். மீதி 100 பள்ளி நாளுக்கு 800 கிலோ, அதாவது 50 கிலோ மூட்டை பதினாறு. தானியமாவது தலைக்கணக்கில் ஏறும். சமையல் ஆளும் பாத்திரமும் அப்படி ஏறுவதில்லை. ஒரு கட்டம் வரை தாங்கிவிட்டு, திடீரென்று இன்னொரு ஆள், இன்னொரு அடுப்பு என்று நிற்கும்.

பெயர் போட வேண்டாம் என்ற அந்தப் பெரியவருக்குத்தான் முதல் நன்றி. பண்டகசாலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். காணிக்கைக் கவர் கொண்டு வரவில்லை. ஒரு மேடைத் தராசு, ஒரு நேரான மரச்சட்டம், கோடு போட்ட ஒரு நோட்டு, இவைதான் அவர் கையில் இருந்தன. எவ்வளவு பணம் வேண்டும் என்று கேட்காமல், "எவ்வளவு சாப்பாடு மிஞ்சித் திரும்பி வருது?" என்று கேட்டார்.

தானியத்தை டப்பாவால் அளப்பதே வழக்கம். விளிம்போடு மட்டமாகத் தலைதட்டினால் சரியாக 1 கிலோ. கூம்பாக அள்ளினால் 1 கிலோ 150 கிராம். ஒரு நாளின் 26 டப்பாவுக்கு ஏறக்குறைய 4 கிலோ, கிட்டத்தட்ட நாற்பது பிள்ளைகளின் பங்கு, புத்தகத்தில் ஏறாமலே மூட்டையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. சட்டத்தை டப்பா விளிம்பில் வைத்து ஒரே இழுப்பு. கூம்பு மூட்டைக்குள்ளேயே விழுந்தது.

அடுத்தது இரண்டு வாளி. பாத்திரத்தில் மிஞ்சியது ஒன்றில், தட்டில் மிஞ்சியது மற்றதில். இரண்டையும் சேர்த்து எடை போட்டால் ஒன்றும் விளங்காது. பாத்திரத்தில் மிஞ்சினால் தலைக்கணக்கு தப்பு: பதிவேட்டைப் பார்த்து உலை வைத்திருக்கிறோம், வராத பிள்ளைகளைக் கழிக்கவில்லை. இப்போது முதல் பாடவேளை முடிந்ததும் வகுப்புவாரியாகச் சீட்டு வருகிறது; அதற்குப் பிறகுதான் டப்பா மூட்டைக்குள் இறங்கும். தட்டில் மிஞ்சினால் சமையலில் கோளாறு. தானியம் இரண்டு மடங்கானால் தண்ணீரையும் இரண்டு மடங்காக்கிவிடுகிறோம். ஆவியாகப் போகும் நீர் பாத்திரத்தின் வாயகலத்தையும் கொதிக்கும் நேரத்தையும் பொறுத்தது. தானியத்தோடு சேர்ந்து அது இரட்டிப்பதில்லை. அதனால் மேலே கூழாகிறது, அடியில் பிடிக்கிறது. பெரிய அண்டா ஒன்றைவிட நடுத்தரப் பாத்திரம் இரண்டு நல்லது. கிளறக் கை எட்டும், மிஞ்சினாலும் சீக்கிரம் ஆறும். ஆழமான அண்டாவின் நடுப்பகுதி மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்து கெட்டுப்போகும்.

அப்பத்தைப் பெருக்கிய இயேசுவே மீதித் துணிக்கைகளையும் சேர்க்கச் சொன்னார். அந்தப் பகுதியைப் பிரசங்கத்தில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். வாளியை எடை போட மட்டும் தோன்றவில்லை.

மூட்டைகளாக அனுப்பிய சபைகளுக்கும், மாதா மாதம் சிறு தொகை அனுப்பும் பழைய மாணவர்களுக்கும், காய் நறுக்க வந்த தாய்மார்களுக்கும், பாத்திரம் இரவல் தந்தவர்களுக்கும் மனமார்ந்த நன்றி. எரிபொருளுக்கென்றே கொடுத்த ஒரு குடும்பத்துக்குத் தனி நன்றி. தானியத்துக்குக் கொடுக்கப் பலர் உண்டு, கட்டடத்துக்கு இன்னும் பலர். அடுப்புக்கும் உப்புக்கும் பாத்திரம் கழுவும் சோப்புக்கும் சமையல்காரர் சம்பளத்துக்கும் கொடுக்க ஆள் கிடைப்பது அரிது. இவை இல்லாமல் மூட்டை வெறும் மூட்டையாகத்தான் கிடக்கும்.

இனி ஒரு தட்டின் செலவை, பதிவேட்டு எண்ணிக்கையால் வகுக்காமல் உண்மையில் பரிமாறிய தட்டுகளால் வகுத்தே சொல்வோம். இரண்டு வாளிகளின் எடையும் மாதக் கணக்கோடு உங்களுக்கு வரும், கூடினாலும் மறைக்காமல். சாப்பாட்டுக்கு வந்த காணிக்கை வேறு எதற்கும் போகாது. புதிய சேர்க்கைக்குக் கையெழுத்திடும் முன், அந்தப் பிள்ளையின் தட்டுக்கு ஆண்டு முடியும்வரை வழியிருக்கிறதா என்று பார்ப்போம்.

தராசை வாரத்துக்கு ஒருமுறை படிக்கல் வைத்துச் சரிபார்க்கிறோம் ஐயா. யார் கேட்டாலும் இரவல் தருவதில்லை.

இப்படிக்கு,
பள்ளி உணவுக் குழுவினர்