கத்திப் பேசினால் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

"பெரியவருக்கு வேண்டியது மட்டும் நல்லாக் காதில் விழும்" என்று பல வீடுகளில் கிண்டல் செய்வார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் காரணம் நடிப்பு இல்லை. வயதாகும்போது பெரும்பாலும் முதலில் குறைவது கீச்சென்ற மெல்லிய ஒலிகள். அ, ஆ, ஓ எல்லாம் கேட்கும். ச, த, க, ப மங்கிவிடும். பேச்சு காதில் விழும், ஆனால் சொன்னது கல்லா பல்லா என்று பிடிபடாது. அமைதியான அறையில் எதிரே உட்கார்ந்து பேசினால் சமாளிப்பவர், டிவி ஓடிக்கொண்டிருக்க நாலு பேர் ஒரே நேரத்தில் பேசினால் பேசாமல் எழுந்து போய்விடுவார். போன் வந்தால் "நீயே பேசு" என்று பக்கத்தில் இருப்பவர் கையில் கொடுத்துவிடுவார். கத்தினால் சத்தம்தான் கூடும், தெளிவு கூடாது, அப்புறம் "ஏன் கத்துறே" என்று சண்டை. முகம் தெரியும்படி நின்று நிதானமாகப் பேசிப் பாருங்கள்.

முதலில் போக வேண்டியது காது மூக்கு தொண்டை மருத்துவரிடம், காது கேட்க உதவும் மிஷின் விற்கும் கடைக்கு அல்ல. வெறும் அழுக்கு அடைப்பாகவோ நடுக்காதில் நீர் கோத்ததாகவோகூட இருக்கலாம், அதெல்லாம் சரியாகிவிடும். ஒலியை உணரும் உட்காதின் நுண்முடி செல்கள் அழிந்தால் மட்டும் திரும்ப முளைக்காது. ஒரே நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசரம். சில நாட்களுக்குள் மருந்து தொடங்கினால்தான் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். குழந்தை என்றால் பிறந்த 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் குறை உறுதி, 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது கணக்கு, ஏனென்றால் பேச்சு வருவதே கேட்டுக் கேட்டுத்தான்.

என் ஆதங்கமெல்லாம் மிஷின் வாங்கிய பிறகு நடப்பதைப் பற்றித்தான். ஒரு வாரம் மாட்டிவிட்டு, தட்டு விழும் சத்தம் மண்டையைப் பிளக்கிறது என்று மேஜை டிராயரில் போட்டுவிடுகிறார்கள். மூளை அந்த ஒலிகளுக்குப் பழகவே சில வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்கள்கூட ஆகும், நடுவில் ஆடியோலஜிஸ்ட்டிடம் (கேட்புத்திறனைச் சோதித்து மிஷினைப் பொருத்தும் நிபுணர்) திரும்பத் திரும்பப் போய் மிஷினின் ஒலி அளவைச் சரிசெய்ய வேண்டும். வாங்கும்போதே இதைக் கேளுங்கள்: போட்டுப் பார்க்க எத்தனை நாள், அப்புறம் சரிசெய்து தருவது யார்? மிஷின் போதாதவர்களுக்கு காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை சிகிச்சையில் உட்காதில் பொருத்தும் மின்கருவி), சைகை மொழி, பேச்சை எழுத்தாகக் காட்டும் செல்போன் செயலி என்று வேறு வழிகளும் உண்டு.

உலகில் 43 கோடிப் பேருக்கு மேல் கேட்புத்திறன் உதவி தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஆடியோகிராமை, அதாவது கேட்புப் பரிசோதனையின் வரைபடத்தை, எப்படிப் படிப்பது என்று ஒரு முறை படத்தோடு போடுங்கள், மிஷின் விளம்பரத்துக்குப் பக்கத்திலேயே வந்தாலும் சரி.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்