ஆடிப் பதினெட்டுக்குக் காவிரி வேண்டுமா?

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இந்த வருடம் பிள்ளைகளோடு ஆடிப்பெருக்கு கொண்டாட ஆசை, ஆனால் கனடாவில் காவிரிக்கு எங்கே போவது என்று கேட்டிருந்தாய். கிச்சனரில் உங்கள் வீட்டுப் பக்கமே கிராண்ட் ஆறு ஓடுகிறதே, அது போதும். மேட்டூரில் தண்ணீர் திறக்காத வருடங்களில் இங்கே மணலில் ஊற்றுத் தோண்டி, கசிகிற தண்ணீரைக் குடத்தில் மொண்டு வைத்துக் கும்பிட்டவர்கள்தானே நாம்.

என்னைக் கேட்டால், பொங்கலைவிட இந்தப் பண்டிகைதான் உங்கள் ஊருக்குப் பொருந்தும். தை மாதம் அங்கே பனி கொட்டுகிறது. பொங்கல் அடுப்படியைத் தாண்டி வருவதில்லை. ஆடி நல்ல வெயில் காலம். 2026-இல் ஆடி 18, ஆகஸ்ட் 3 திங்கட்கிழமை வருகிறது. ஒன்டாரியோவில் அன்று விடுமுறை என்று நீயே சொன்னாய். மாப்பிள்ளை அலுவலகத்தைக் காரணம் காட்டித் தப்பிக்க முடியாது!

ஒன்பது நாள் முன்பே முளைப்பாரி போட்டுவிடு. அகலமான கிண்ணத்தில் மண் நிரப்பி, ஊறவைத்த பச்சைப்பயறு, மொச்சை, காராமணி எது கிடைக்கிறதோ அதைத் தூவி, வெயில் படாத மூலையில் வை. தண்ணீர் தெளிக்கும் வேலை பெரியவளுடையது. வெளிச்சம் படாமல் வளர்வதால் முளை மஞ்சளாக, நெடுநெடுவென்று வரும். வாடிவிட்டது என்று பயப்பட வேண்டாம். இங்கே ஆற்றில் விடுவோம். நீ தோட்டத்தில் நட்டுவிடு. ஆடிப்பட்டம் தேடி விதைக்கிறவர்களின் பண்டிகை இது, மண்ணுக்குப் போவதும் சரிதான். பூ, பழம் எதையும் அந்த ஊர் ஆற்றில் போடாதே. கரையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு எடுத்து வந்துவிடு.

சின்னவனுக்குச் சப்பரம், அதாவது இழுத்துப் போகும் சின்னத் தேர். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டிக்குச் சக்கரம் மாட்டி, வண்ணத்தாள் ஒட்டி, கயிறு கட்டி இழுக்க வேண்டும். அதை அப்பாவும் பிள்ளையும் செய்யட்டும், நீ கை வைக்காதே. கோணலாக வந்தாலும் சப்பரம் சப்பரம்தான்.

சாப்பாட்டுக்கு வருவோம். ஐந்து வகைச் சாதமும் செய்தே தீருவேன் என்று விடியற்காலையில் எழுந்து உயிரை விடாதே. புளி, தேங்காய், தயிர் மூன்று போதும். புளிக்காய்ச்சலை முந்தின இரவே செய்து வைத்துக்கொள். சாதம் உதிரியாக வர வேண்டும். தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஆறிய பிறகே கிளறு. சூட்டில் கிளறினால் குழைந்துவிடும். தயிர் சாதத்துக்குப் பால் தாராளமாகவும் தயிர் ஒரு கரண்டியும் விட்டால், மதியம் வரை புளிக்காது. தேங்காய் சாதத்தை முதலில் காலி செய்யுங்கள், வெயிலில் அதுதான் முதலில் ஊசும். காப்பரிசியை மட்டும் விட்டுவிடாதே: ஊறிய பச்சரிசி, வெல்லம், தேங்காய்ப்பல், கொஞ்சம் எள், பொட்டுக்கடலை. அடுப்பே தேவையில்லை, பிள்ளைகளே பிசைவார்கள், பாதியைக் கிளம்புமுன் தின்றும் விடுவார்கள். தின்னட்டும்.

ஆற்றங்கரையில் ஈரமண்ணில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி (ஓலைச் சுருளும் கருப்பு மணி வளையமும்) வைத்து, கற்பூரத்துக்குப் பதில் சின்ன விளக்கு ஏற்றினால் போதும். ஏன் ஆற்றைக் கும்பிட வேண்டும் என்று பெரியவள் கேட்பாள். காவிரி கர்ப்பிணி, மசக்கைக்காரிக்குச் சித்திரான்னம், அதாவது இந்தக் கலந்த சாதம், கொண்டு போகிறோம் என்று சொல். திருவரங்கத்தில் ரங்கநாதரின் உற்சவர் நம்பெருமாளே காவிரிக்கரை அம்மா மண்டபத்துக்கு வந்து, யானை மேல் சீர் கொண்டுபோய் ஆற்றுக்குக் கொடுப்பதையும் சொல். யானை என்றதும் சின்னவன் எழுந்து உட்காருவான்.

மஞ்சள் சரடும் காதோலை கருகமணியும் கூரியரில் அனுப்பியிருக்கிறேன். சரட்டைப் பெண்களுக்குக் கழுத்திலும் ஆண்களுக்கு வலது மணிக்கட்டிலும் கட்டு. நிறையவே வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கேட்டால் அவர்களுக்கும் கட்டிவிடு. புளிக்காய்ச்சலில் சந்தேகம் என்றால் எனக்கு இரவு ஒன்பது மணிக்குள் கூப்பிடு, அதற்கு மேல் தூங்கிவிடுவேன்.

அன்புடன்,
அம்மா