தூக்கிவிட ஆள் இருக்கிறது என்பது பதிலாகாது

எங்கள் மாவட்ட மன்றத் தலைவர் அவர்களுக்கும், எங்கள் தடத்தில் பேருந்து ஓட்டும் நிறுவனத்தின் பொறுப்பாளர்களுக்கும், நிலப் பொதுப்போக்குவரத்து உரிமங்களைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

முன்பு ரப்பர்ப் பால்மரமும் இப்போது எண்ணெய்ச் செம்பனையும் சூழ்ந்து நிற்கும் மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சிறு பட்டணம் ஒன்றிலிருந்து இம்மடலை எழுதுகிறேன். பட்டணத்தின் பெயரை எழுதவில்லை. உங்களுக்கு அது தெரியும். வாசிக்கும் மற்றவர்களுக்குத் தங்கள் பட்டணத்தின் பெயரை அந்த இடத்தில் இட்டுக்கொள்வதில் சிரமம் இராது. நான் தோட்ட அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவன். இனிப்புநீர் (நீரிழிவு) நோயால் என் வலது காலை முழங்காலுக்கு மேல் எடுத்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடற்பேறு குறைந்தோருக்கான ஓ.கே.யூ. அட்டை வைத்திருக்கிறேன், சக்கரநாற்காலியில் நடமாடுகிறேன், மாதம் இரண்டு முறை பெரிய மருத்துவமனைக்குப் போய்வர வேண்டியவனாக இருக்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, ஒன்பது மணிக்கு மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்ததால், ஆறே முக்காலுக்கெல்லாம் சிம்பாங்கில், அதாவது சாலைச் சந்திப்பில், இருக்கும் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். பேருந்து வந்தது. உள்ளே ஏற மூன்று படிகள். முதற்படியே நிற்பவரின் முழங்கால் உயரம். கதவின் நட்டநடுவில் ஒரு கைப்பிடிக் கம்பி. செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசத் தொழிலாளர் இருவர், நான் கேட்காமலேயே, ஒருவர் அக்குளில் கைகொடுத்தும் மற்றவர் இடது காலைப் பிடித்தும் என்னைத் தூக்கினார்கள். கம்பியைச் சுற்றி என்னைத் திருப்பும்போது, மடித்து ஊசி குத்தியிருந்த காற்சட்டையின் வலது கால் அவிழ்ந்து தொங்கியது. எப்படியோ முன்னிருக்கையில் உட்கார வைத்துவிட்டார்கள். பேருந்தும் கிளம்பிவிட்டது. பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய பிறகு பின்னாலிருந்து ஒரு பையன், "தாத்தா, உங்க நாற்காலி!" என்று கத்தினான். என்னை ஏற்றியவர்கள் நாற்காலியை ஏற்றவில்லை. அது நிழற்குடையின் கீழ் தனியாக நின்றுகொண்டிருந்தது.

பேருந்து நின்றது, பையன் இறங்கி ஓடினான், மழையில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான், எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அந்த ஓட்டுநரை நான் குறை சொல்லவில்லை. முன்பெல்லாம் பயணச்சீட்டுக் கொடுக்க ஒருவர் இருந்தார். அவர் இறங்கி ஏற்றிவிடுவார், பையை வாங்கி வைப்பார். இப்போது ஓட்டுநர் ஒருவரே காசும் வாங்க வேண்டும், கண்ணாடியும் பார்க்க வேண்டும், நேரத்துக்கும் போய்ச் சேர வேண்டும். தூக்கிய இருவரையும் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர்கள் பேசும் மொழி எனக்குத் தெரியாது, என் மொழி அவர்களுக்குத் தெரியாது, ஆனாலும் கை நீட்டினார்கள்.

என் மனக்குறை வேறு. இதைப் பற்றிப் பேருந்து நிறுவனத்தின் முகப்பில் முறையிட்டபோது, "நம் ஊரில் உதவிக்கு எப்போதும் ஆள் இருக்கிறதே, அண்ணே" என்று அன்பாகவே சொன்னார்கள். மன்றத்திலும் ஏறக்குறைய அதே பதில்தான் கிடைத்தது. அன்று முதல் எனக்கு ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. எங்கள் தோட்டத்து மக்களின் நல்ல குணம், நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்யாமலிருப்பதற்கு வசதியான காரணமாகிவிட்டது. லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு வீட்டில் சாவு என்றால் இன்னொரு வீட்டில் உலை வைக்காத வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். அந்தக் குணம் அரசாங்கத்தின் சாய்தளத்துக்கு மாற்று ஆகாது. ஐம்பத்தெட்டு வயதில், வாரச் சந்தைக்குப் போவதற்கு, முன்பின் தெரியாத இருவர் தன் அக்குளில் கை வைப்பதை ஒருவன் ஒவ்வொரு முறையும் ஏற்க வேண்டும் என்றால், அவன் சந்தைக்குப் போவதையே விட்டுவிடுவான். நான் விட்டுவிட்டேன்.

சட்டம் என்ன சொல்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. 2008 ஜூலை 7-ஆம் நாள் நடப்புக்கு வந்த உடற்பேறு குறைந்தோர் சட்டம், அதாவது 685-ஆவது சட்டம், தன் 27-ஆவது பிரிவில், பொதுப் போக்குவரத்து வசதிகளை மற்றவர்களுக்குச் சமமாகப் பயன்படுத்த எங்களுக்கு உரிமை உண்டு என்று சொல்வதோடு, அதற்கேற்ற வடிவமைப்பை உறுதிசெய்யும் கடமை அரசாங்கத்துக்கும் சேவை வழங்குவோருக்கும் உண்டு என்றும் சொல்கிறது. இரண்டாண்டுகள் கழித்து, 2010 ஜூலையில், உடற்பேறு குறைந்தோர் உரிமைகளுக்கான ஐக்கிய நாட்டு உடன்படிக்கையை மலேசியா உறுதிப்படுத்தியது. சில பிரிவுகளுக்கு நம் நாடு விலக்குக் கோரியது. போக்குவரத்து அணுகல் பற்றிய 9-ஆவது பிரிவுக்கு அப்படி எதுவும் கோரவில்லை. ஆக, வாக்கு முழுமையாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அதே 685-ஆவது சட்டத்தில், நடைமுறைப்படுத்தாதவர்களுக்குத் தண்டனை எதுவும் எழுதப்படவில்லை. நல்லெண்ணத்தோடு செய்ததற்கோ செய்யத் தவறியதற்கோ அரசாங்கத்தின் மீது வழக்குத் தொடர முடியாது என்று 41-ஆவது பிரிவு வாயிலை அடைத்தும் வைத்திருக்கிறது. நீதிமன்றம் போக வழியில்லாதவன் மடல்தான் எழுத முடியும். அதனால்தான் எழுதுகிறேன்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதன் விலை என்ன என்பதைத் தலைநகரம் ஏற்கெனவே கண்டுவிட்டது. 1996-இல் ஓடத் தொடங்கிய முதல் இலகு ரயில் தடத்தின் நிலையங்கள் மின்தூக்கி இல்லாமலே திறக்கப்பட்டன. சக்கரநாற்காலிக்காரர்கள் தெருவில் இறங்கிக் குரல் கொடுத்தார்கள். கட்டி முடித்த நிலையங்களை உடைத்து மின்தூக்கி பொருத்தும் வேலை பல ஆண்டுகளுக்குப் பிறகுதான் நடந்தது. தொடக்கத்திலேயே வரைபடத்தில் ஒரு கோடு போட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் பட்டணத்தில் இன்னும் எதுவும் புதிதாகக் கட்டப்படவில்லை என்பதை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், நல்வாய்ப்பாகவே கருதுகிறேன்.

இனி, அளவுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். கிராணி வேலை பார்த்தவனுக்குக் கணக்கில்லாமல் முறையிட வராது. பெருநகரங்களில் ஓடும் தாழ்தளப் பேருந்தின் தரை, சாலையிலிருந்து ஏறத்தாழ 32 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிறுத்தத்தில் அதன் ஒரு பக்கம் ஒட்டகம் முழந்தாளிடுவது போல ஏழு சென்டிமீட்டர் அளவுக்குத் தாழ்ந்து கொடுக்கும். மிச்சம் 25. கதவருகே மடித்து வைத்திருக்கும் சாய்தளப் பலகையை ஓட்டுநர் ஒரு கொக்கியால் இழுத்து விரித்தால், ஒரு மீட்டர் நீளம் வரும். அதைச் சாலையின் மீதே போட்டால் நான்கடிக்கு ஓரடி ஏறும் சரிவு. கைவலு உள்ள இளைஞனும் துணையின்றி ஏற முடியாது, பின்னால் சாய்ந்து விழுவான். அதே பலகையைப் பதினைந்து சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டிய நிறுத்தத்தின் மேடையில் போட்டுப் பாருங்கள்: மிச்சம் பத்து, சரிவு பத்துக்கு ஒன்று. கட்டடங்களுக்குச் சொல்லப்படும் பன்னிரண்டுக்கு ஒன்றை அது நெருங்கிவிடும். என்னைப் போன்றவனும் ஏறிவிடுவான். அதாவது, பேருந்தை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்தத்தை அப்படியே விட்டால் பயனில்லை. நிறுத்தத்தை மட்டும் கட்டிவிட்டு மூன்று படிப் பேருந்தையே அனுப்பினாலும் பயனில்லை. நிறுவனம் ஒரு பக்கமும் மன்றம் ஒரு பக்கமும் தனித்தனியே திட்டம் போட்டால், பதினைந்து சென்டிமீட்டரில் இரண்டு திட்டமும் வீணாகும். உங்கள் மூவருக்கும் சேர்த்து ஒரே மடலாக இதை எழுதியதற்குக் காரணம் அதுதான்.

எங்கள் சிம்பாங் நிறுத்தத்தையும் அளந்தேன். நெடுஞ்சாலைக்கும் நிழற்குடைக்கும் நடுவே அரை மீட்டருக்குச் சற்று அகலமான மழைநீர்க் கால்வாய் ஓடுகிறது. அதன் மீது ஒரு சிமெண்டுப் பலகை. பலகையின் அகலம் 58 சென்டிமீட்டர், என் நாற்காலியின் அகலம் 64. நிழற்குடையின் முகப்பில் இதுவரை மூன்று தலைவர்களின் படங்கள் மாறிவிட்டன, பலகை மாறவில்லை. பட்டணத்துப் பேருந்து நிலையத்தில் பார்வையற்றோருக்கென்று மஞ்சள் நிறத்தில் புடைப்பு ஓடுகள் பதித்திருக்கிறார்கள். அவற்றைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு விளக்குக் கம்பத்தில் போய் முட்டலாம். பதித்தவர் ஒரு முறை கண்ணை மூடிக்கொண்டு நடந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

லயத்திலிருந்து சிம்பாங் வரைக்குமான ஒன்றரைக் கிலோமீட்டர் செம்மண் சாலையைப் பற்றிக் கேட்டால், அது தோட்ட நிறுவனத்தின் சொந்தச் சாலை, எங்கள் கணக்கில் வராது என்கிறது மன்றம். நெடுஞ்சாலை எங்களுடையது, நிழற்குடை மன்றத்துடையது என்கிறது பொதுப்பணி இலாகா. நிழற்குடை யாருடையதானாலும் நிற்கும் இடம் எங்களுடையதல்ல என்கிறது பேருந்து நிறுவனம். எல்லாம் உண்மைதான். ஒவ்வொருவர் எல்லையும் சரியாகத்தான் வகுக்கப்பட்டிருக்கிறது; அந்த எல்லைகள் சந்திக்கும் இடத்தில்தான் கால்வாய் ஓடுகிறது.

இது என் ஒருவனின் பாடு என்று நினைத்துவிட வேண்டாம். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, நாட்டில் பெரியவர்களுள் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. கால் இழப்பதும், பார்வை மங்குவதும், சிறுநீரகம் பழுதாவதும் இந்நோயின் பின்வரவுகள் என்பதால், தோட்டத்துச் சிறுபட்டணங்களில் உடற்பேறு குறைவு என்பது எங்கோ யாருக்கோ நேர்வதல்ல. எங்கள் வரிசையில் நான்கு வீடு தள்ளியிருக்கும் அக்காவுக்கு ஒரு கண் முழுதும், மறு கண் பாதியும் போய்விட்டது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், இரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிறார். பேருந்து வரும் ஓசை அவருக்குக் கேட்கும்; எந்தத் தடத்துப் பேருந்து என்று தெரியாது; ஓட்டுநர் வாய்திறந்து சொன்னால் தெரியும், சிலர் சொல்கிறார்கள். திரும்பி வரும்போது படியேறத் தெம்பு இருக்காது என்பதால் கைப்பேசியில் அழைக்கும் கிராப் வாடகை வண்டி பிடிக்கிறார். ஒரு வழிக்கு முப்பத்தைந்து வெள்ளி (ரிங்கிட்), வாரத்துக்கு மூன்று முறை, திரும்பும் பயணத்துக்கு மட்டும். வேலை செய்ய இயலாத உடற்பேறு குறைந்தோருக்கான உதவித்தொகை 2021-இல் மாதம் 300 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. மூன்று வாரம்கூட அதில் வண்டி ஓடாது.

உங்கள் அலுவலர் ஒருவர் என்னிடம், "அந்தத் தடத்தில் சக்கரநாற்காலிப் பயணிகளே கிடையாதே" என்று கேட்டார். நீந்தக் கற்றுக்கொண்ட பிறகு ஆற்றில் இறங்கு என்றானாம் ஒருவன். ஏற முடியாத பேருந்துக்கு யார் காத்து நிற்பார்கள்? நிறுத்தத்தில் நின்று எண்ணாதீர்கள். சமூகநல இலாகாவின் பதிவேட்டை எடுத்து, இந்தத் தடத்தின் இருபுறமும் எத்தனை ஓ.கே.யூ. அட்டைகள் இருக்கின்றன என்று எண்ணுங்கள். சந்தைக் கூடையோடு ஏறும் பாட்டிகளும் கைக்குழந்தையோடு ஏறும் தாய்மார்களும் அந்த எண்ணிக்கையில் வர மாட்டார்கள்; தாழ்தளம் வந்தால் முதலில் மகிழப்போவது அவர்கள்தான்.

நான் கேட்பது பெரிய செலவு அல்ல. எல்லாப் பேருந்தையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. காலையில் ஒன்று, பிற்பகலில் ஒன்று, எந்த நேரத்துப் பேருந்தில் சாய்தளம் இருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்து, அந்த நேரம் மாறாமல் இருந்தால் போதும். நாங்கள் எங்கள் மருத்துவ நேரங்களை அதற்கேற்ப அமைத்துக்கொள்வோம். பழுதான சாய்தளத்தோடு அந்த வண்டி கிளம்பக் கூடாது. 2010-ஆம் ஆண்டின் நிலப் பொதுப்போக்குவரத்துச் சட்டத்தின் கீழ் இத்தடத்தின் உரிமம் புதுப்பிக்கப்படும்போது, இவற்றை உரிம அதிகாரிகள் நிபந்தனையாகவே எழுதிவிட வேண்டும். சிம்பாங், மருத்துவமனை, சந்தை, பேருந்து நிலையம் ஆகிய நான்கு நிறுத்தங்களில் மட்டும், மற்ற இடங்களைப் பிறகு பார்க்கலாம், மன்றம் மேடையை உயர்த்தி, கால்வாயின் மீது ஒன்றரை மீட்டர் அகலத்துக்குத் தளம் போட வேண்டும். ஓட்டுநர்களுக்கு அரைநாள் பயிற்சி தேவை: பலகையை விரிப்பது, நாற்காலியைப் பூட்டுவது, தடத்தின் எண்ணை உரக்கச் சொல்வது, முக்கியமாகப் பயணியைத் தொடுமுன் கேட்பது. தளம் போட்டு முடிந்ததும் ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுக்குமுன் எங்களில் ஒருவரைக் கூப்பிட்டு உருட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கூலி கேட்க மாட்டோம்.

நான்கு நிறுத்தங்களின் அளவுகளையும் கைப்பட வரைந்த படங்களையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். என் தம்பி மகன் நாடாவைப் பிடித்தான். எண்களுக்கு நான் பொறுப்பு.

இம்மடலை மன்றத்துக்கு நேரிலேயே கொண்டுவந்து கொடுக்க எண்ணி, சென்ற வெள்ளிக்கிழமை உங்கள் அலுவலக வாசல்வரை வந்தேன். முகப்பில் ஐந்து படிகள். பக்கவாட்டுச் சாய்தளத்தின் அடியில் இரண்டு மோட்டார் சைக்கிள்கள் நிறுத்தப்பட்டிருந்தன. காவலர்கள் இருவர் ஓடிவந்து, நாற்காலியோடு என்னைத் தூக்கிச் செல்வதாகச் சொன்னார்கள். அவர்களுக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். மடல் அஞ்சலில் வருகிறது.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டக் கிராணி ஒருவர்