கோரிக்கை மனு: பிரசவ அறையில குழந்தையோட இதயத்துடிப்ப கேக்க வேலை செய்யுற டாப்ளர் வேணும்

பெறுநர்: மாவட்ட ஆட்சித்தலைவர் அவர்கள்

அனுப்புநர்: ஒரு குழந்தையோட தாய்மாமன் (என் பேரு, விலாசம் எல்லாம் திங்கக்கிழமை மனுநாள்ல நேர்ல குடுத்த காயிதத்துல இருக்கு)

பொருள்: ஆரம்ப சுகாதார நிலையங்கள்ல பிரசவ வலி நேரத்துல டாப்ளர் கருவி வெச்சு குழந்தையோட துடிப்ப முறையா பாக்கச் சொல்லி கேக்குறது சம்பந்தமா

மதிப்பிற்குரிய கலெக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஐயா, என் தங்கச்சிக்கு தலைச்சன் பிரசவம். போன வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில, நல்ல மழை, ராத்திரி ஒன்பது மணிக்கு பனிக்குடம் உடைஞ்சு எங்க பக்கத்துல இருக்க பிஹெச்சிக்கு கூட்டிட்டு போனோம். செக்கப் எல்லாம் ஒழுங்கா போயிட்டு வந்தவதான், ஸ்கேன்ல குறை எதுவும் இல்ல, சுகர் பிரஷர் இல்ல, அதனால பயப்பட ஒன்னுமில்லன்னுதான் நாங்க எல்லாரும் இருந்தோம். அன்னிக்கு ராத்திரி டியூட்டில ஒரே ஒரு நர்ஸம்மா, அதே நேரத்துல இன்னொரு பொண்ணுக்கும் வலி கண்டிருச்சு, அவங்க அங்கயும் இங்கயுமா ஓடிட்டு இருந்தாங்க. லேபர் ரூம் அலமாரியில டாப்ளர் மிஷின் இருந்துச்சுய்யா, என் அம்மா கண்ணால பாத்தாங்க, ஆனா பேட்டரி இல்ல. அதனால அந்த குழல் மாதிரி இருக்க ஃபீட்டோஸ்கோப்ப வயித்துல வெச்சு காத குடுத்து கேட்டாங்க, வெளியில மழை சத்தம், மேல ஃபேன் சத்தம், பக்கத்து கட்டில்ல அந்தப் பொண்ணு கத்துற சத்தம். அஞ்சு மணி நேரத்துல ரெண்டு மூணு தடவதான் கேட்டாங்கன்னு தங்கச்சி சொல்றா. கேஸ் ஷீட்ட பின்னாடி நான் பாத்தப்போ அரைமணிக்கு ஒரு தடவ 140, 140, 140 ன்னு ஒரே நம்பர் எழுதியிருந்துச்சு.

ரெண்டு மணிக்கு மேல வந்த தண்ணி பச்சையா இருந்துச்சு, குழந்தை உள்ளயே மோஷன் போயிடுச்சுன்னு சொல்லி 108ல ஏத்தி 32 கிலோமீட்டர் தள்ளி இருக்க ஜிஹெச்சுக்கு அனுப்பினாங்க. அங்க உடனே ஆபரேஷன் பண்ணாங்க. பாப்பா பொறந்ததும் அழல. பச்சக்குழந்தைங்க வார்டுல பதினஞ்சு நாள் இருந்துச்சு, மூணாவது நாள் ஃபிட்ஸ் வந்துச்சு. இப்போ உயிரோட இருக்கா, எங்கள பாத்து சிரிக்கிறா, ஆனா தலை நிக்கவே ஏழு மாசம் ஆச்சு, வாரம் ஒரு நாள் தங்கச்சி ரெண்டு பஸ் மாறி பிசியோவுக்கு தூக்கிட்டு போறா.

அந்த நர்ஸம்மா மேல நடவடிக்கை எடுங்கன்னு நான் கேக்கல ஐயா. ஒத்த ஆளு, ரெண்டு பிரசவம், ஓடாத மிஷின், அவங்க இடத்துல யாரு இருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். டாப்ளர் ஓடியிருந்தா பாப்பாவுக்கு கண்டிப்பா ஒன்னும் ஆகியிருக்காதுன்னும் நான் சத்தியம் பண்ணி சொல்ல முடியாது. ஆனா துடிப்பு எப்போ இறங்க ஆரம்பிச்சுதுன்னு இன்னைய வரைக்கும் யாருக்குமே தெரியாது, கேட்டா சொல்ல ஒருத்தர் இல்ல, அதுதான் எங்க வீட்டுல யாரையும் தூங்க விடமாட்டேங்குது.

அதுக்கப்புறம்தான் நான் இத பத்தி டாக்டருங்க கிட்ட, தெரிஞ்ச நர்ஸுங்க கிட்ட கேட்டு, படிச்சு தெரிஞ்சுகிட்டேன். ஒவ்வொரு தடவ வலி வரும்போதும் கர்ப்பப்பை இறுகுது, அந்த ஒரு நிமிஷம் நச்சுக்கொடிக்கு போற ரத்தம் குறையுது, குழந்தைக்கு ஆக்சிஜன் கொஞ்சம் கம்மியாகுது. நல்லா இருக்க குழந்தை அத தாங்கிக்கும், வலி விட்டதும் துடிப்பு பழையபடி வந்துரும். தாங்க முடியாத குழந்தைக்கு வலி விட்ட பிறகும் துடிப்பு இறங்கியே இருக்கும். அதனாலதான் வலி முடிஞ்ச கையோட ஒரு முழு நிமிஷம் கேக்கணும்னு சொல்றாங்க. சாதாரணமா நிமிஷத்துக்கு 110ல இருந்து 160 வரைக்கும் இருக்கணும். உலக சுகாதார நிறுவனம் 2018ல குடுத்த வழிகாட்டுதல்லயே தெளிவா இருக்கு, வலி நல்லா புடிச்ச பிறகு 15ல இருந்து 30 நிமிஷத்துக்கு ஒரு தடவ, முக்குற நேரத்துல 5 நிமிஷத்துக்கு ஒரு தடவ, டாப்ளர் வெச்சோ ஃபீட்டோஸ்கோப் வெச்சோ கேக்கணும்னு.

அப்போ குழலே போதுமே, டாப்ளர் எதுக்குன்னு அதிகாரிங்க கேக்கலாம். ஐயா, டாப்ளரும் ஸ்கேன் மாதிரி அல்ட்ராசவுண்டுதான், ஆனா படம் வராது. காதுக்கு கேக்காத ஒலி உள்ள போய், துடிக்கிற இதயத்துல பட்டு திரும்பி வரும்போது அதோட சுருதி மாறுது. பஸ் ஹாரன் அடிச்சுகிட்டே நம்மள தாண்டி போகும்போது சத்தம் மாறி கேக்குமில்ல, அதே கணக்குதான், கிறிஸ்டியன் டாப்ளர்ங்கறவர் 1842ல சொன்னது. அந்த மாத்தத்த மிஷின் சத்தமாவும் நம்பராவும் காட்டுது. குழல்ல கேக்கணும்னா பொண்ணு மல்லாக்க படுக்கணும், நர்ஸ் குனிஞ்சு காத வெச்சுகிட்டே கடிகாரத்தயும் பாத்து எண்ணணும், ஒருத்தர் காதுக்கு மட்டும்தான் கேக்கும். டாப்ளர்னா பொண்ணு ஒருக்களிச்சு படுத்திருந்தாலும் உக்காந்திருந்தாலும் பாக்கலாம், அம்மாவுக்கும் கேக்கும், கூட நிக்கிற பாட்டிக்கும் கேக்கும், துடிப்பு இறங்குனா அந்த ரூம்ல இருக்க எல்லாருக்கும் தெரியும். படம் வராததால ஆணா பொண்ணான்னு பாக்குற பிரச்சனையும் இதுல இல்ல.

ஜிம்பாப்வே நாட்டு ஹராரேல 1255 பிரசவங்கள்ல பண்ணுன ஒரு ஆராய்ச்சி 1994ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல வந்துச்சு. அங்க வழக்கம்போல குழல் வெச்சு பாத்த 315 பேர்ல 28 பேருக்குத்தான் துடிப்புல கோளாறு இருக்குன்னு கண்டுபுடிச்சாங்க. அதே குழல வெச்சுகிட்டு அதுக்குன்னே தனியா ஒரு நர்ஸ் நின்னு பாத்தப்போ 310 பேர்ல 47. கையடக்க டாப்ளர்ல 312 பேர்ல 100 பேருக்கு தெரிஞ்சுது. ஆக்சிஜன் பத்தாம மூளை பாதிச்ச குழந்தைங்க டாப்ளர் பக்கம் 1, வழக்கமான முறையில 10. அந்த 10ங்கற நம்பர படிச்சப்போ நான் அழுதுட்டேன் ஐயா, எங்க பாப்பா அந்தப் பத்துல ஒருத்தி மாதிரியே இருந்துச்சு. அதுல இன்னொரு விஷயத்தையும் மறைக்காம சொல்லணும், டாப்ளர் பக்கம் சிசேரியன் 24 சதவீதம், வழக்கமான முறையில 15. நம்ம தமிழ்நாட்டுல 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வே 5 கணக்குப்படியே 44.9 சதவீதம் சிசேரியன். அதனால ஒரு நம்பர் இறங்குனதுமே கத்தி எடுக்காம, ஒருக்களிச்சு படுக்க வெச்சு, வலி வர்றதுக்கு போடுற ட்ரிப் ஓடுனா அத நிறுத்தி, திரும்ப கேட்டு முடிவு பண்ற பயிற்சியும் சேந்து வேணும்.

இதே காரணத்துக்காகத்தான் எல்லா பிஹெச்சிக்கும் சிடிஜி மிஷின் வாங்கி குடுங்கன்னு நான் கேக்கல. வயித்துல பெல்ட் கட்டி விடாம கிராஃப் எடுக்குற அந்த மிஷின்லயும் ஓடுறது இதே டாப்ளர்தான், ஆனா சிக்கல் இல்லாத பொண்ணுங்களுக்கு அது வேணாம்னுதான் உலக சுகாதார நிறுவனமே சொல்லுது. ரிஸ்க் இருக்கவங்களுக்கு ஜிஹெச்ல அது இருக்கட்டும். கையில புடிக்கிற டாப்ளர் சில ஆயிரம் ரூபாதான்.

நம்ம மாநிலத்துல 99 சதவீதத்துக்கு மேல பிரசவம் ஆஸ்பத்திரியிலதான் நடக்குது, 24 மணி நேர பிஹெச்சின்னு மத்த மாநிலத்துக்காரங்க வந்து பாத்துட்டு போற அளவுக்கு பேரு இருக்கு, நம்பித்தான் நாங்களும் போனோம், இனியும் போவோம். அதனால கேக்குறேன் ஐயா, மாவட்டத்துல பிரசவம் பாக்குற ஒவ்வொரு லேபர் ரூம்லயும் ரெண்டு டாப்ளர், ஒன்னு ரிப்பேர் ஆனா இன்னொன்னு, சார்ஜ் ஏத்துற பேட்டரி, ஜெல் எல்லாம் இருக்கணும், டியூட்டி மாறும்போது எமர்ஜென்சி மருந்து டிரேய சரிபாக்குற மாதிரி அதையும் ஆன் பண்ணி பாத்து கையெழுத்து போடணும். அலமாரியில இருக்குதுன்னு ஸ்டாக் ரிஜிஸ்டர்ல டிக் அடிச்சா பத்தாது. துடிப்பு பாக்கும்போதே அம்மாவோட நாடியையும் புடிச்சு பாக்கணும், ஏன்னா சில நேரம் அம்மாவோட துடிப்பையே குழந்தையோடதுன்னு தப்பா எண்ணிடறாங்களாம். எண்ணுன நம்பர அந்த நேரத்துலயே எழுதணும், எண்ணலன்னா காலியா விடணும், காலியா விட்டதுக்கு நர்ஸ திட்டக்கூடாது, ஏன் காலியாச்சுன்னு கேட்டு ஆள் போடணும். ரெண்டு பேருக்கு ஒரே நேரம் வலி வந்தா ராத்திரியில இன்னொரு நர்ஸையோ டாக்டரையோ கூப்புட ஒரு ஏற்பாடு வேணும், ஹராரே கணக்குல குழல் அதேதான், கூட நிக்க ஆள் இருந்ததால மட்டுமே 28, 47 ஆச்சு. துடிப்பு சரியில்லன்னு சந்தேகப்பட்டு ஜிஹெச்சுக்கு அனுப்புற நர்ஸ அங்க யாரும் இதுக்கெல்லாமா அனுப்புவன்னு கேக்கக்கூடாது, அந்த பயத்துலயே அரைமணி ஒரு மணி போயிடுதுன்னு ஒரு நர்ஸக்காவே என்கிட்ட சொன்னாங்க.

மொதல்ல ஒரே ஒரு வேலை ஐயா. இந்த வாரமே எல்லா லேபர் ரூம்லயும் இருக்க டாப்ளர எடுத்து ஆன் பண்ணி பாக்கச் சொல்லுங்க, எத்தனை ஓடுது எத்தனை ஓடலன்னு எழுதி வாங்குங்க. தங்கச்சிக்கு பிரசவம் பாத்த இடத்துல போன மாசம் என் கூட்டாளி சம்சாரம் செக்கப்புக்கு போயிருந்தாங்க, அந்த மிஷின் இன்னும் அதே அலமாரியிலதான் இருக்குன்னு சொன்னாங்க. அவங்களுக்கு தை மாசம் தேதி குடுத்திருக்காங்க.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாப்பாவின் தாய்மாமன்