முருங்கைக்காயை விடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் நலம். நீ முருங்கைக்காய் வாங்கிய கதையை அம்மா சொன்னாள். ஜனவரி மாதத்தில், கிளாஸ்கோவில், ஐஸ் பிடித்த ஒரு சின்னப் பொட்டலத்துக்கு நீ கொடுத்த பவுண்டைச் சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றிப் பார்த்தேன். அந்தக் காசுக்கு இங்கே தேக்கா மார்க்கெட்டில் இரண்டு நாளைக்குக் காய் வாங்கிவிடலாம், கறிவேப்பிலையும் சும்மா கிடைக்கும்.

உன்னைக் குறை சொல்லவில்லை. சிங்கப்பூரில் வளர்ந்த பிள்ளைக்குக் காய்க்குப் பருவம் உண்டு என்பதே தெரியாது. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளியிலிருந்து வரும் சாப்பாடு. வருஷக் கடைசியில் மழை கொட்டி மலேசியக் கீரை வரத்துக் குறைந்தால் விலை ஏறும், நமக்குத் தெரிந்த பருவம் அவ்வளவுதான். உன் ஊரில் அப்படியில்லை. கடைக்குப் போனால் குவிந்து கிடப்பது எது, மலிவு எது என்று பார்த்து எடு. அதற்கு என்ன குழம்பு வைப்பது என்பதை அப்புறம் யோசி. நீ குழம்பை முடிவு செய்துவிட்டுக் காயைத் தேடுகிறாய், அங்கேதான் காசு போகிறது.

டர்னிப் என்று விற்கிறார்களே, உள்ளே மஞ்சளாக இருக்குமே, அது சாம்பாரில் முள்ளங்கியின் வேலையை அழகாகச் செய்யும். வேக நேரமாகும், அதனால் பருப்போடேயே போட்டுவிடு. வெள்ளைக் கேரட் போல இருக்கும் பார்ஸ்னிப்பைச் சாம்பாரில் போடாதே. குளிரில் அதன் மாவுச்சத்து சர்க்கரையாக மாறிவிடுவதால் இனிப்பு தூக்கும். போன முறை உன்னிடம் வந்திருந்தபோது காரக்குழம்பில் போட்டேனே, நினைவிருக்கிறதா? புளியும் மிளகாயும் ஒரு கை கூடப் போட்டால் அந்த இனிப்பே ருசியாகிவிடுகிறது. முட்டைக்கோஸின் வெளி இலையை எறியாதே. பொடியாக நறுக்கி, கடலைப்பருப்பு சேர்த்துக் கூட்டு வை. காலிஃபிளவரைச் சுற்றியிருக்கும் இலையும் தண்டும் முட்டைப் பொரியலுக்கு ஆகும். தடித்த வெங்காயத்தாள் போல இருக்கும் லீக்கின் பச்சைப் பகுதியும் வெங்காயம்தான். நீளவாக்கில் பிளந்து கழுவு, அடுக்குக்குள் மண் இருக்கும்.

மிச்சத்துக்கு வருகிறேன். பருப்பு மிஞ்சினால் மறுநாள் சப்பாத்தி மாவில் ஊற்றிப் பிசை, தண்ணீரே வேண்டாம், தொட்டுக்கொள்ளவும் பெரிதாக எதுவும் வேண்டாம். காய்ந்த ரொட்டித் துண்டு இருந்தால் ரொட்டி உப்புமா செய். புளிக்குழம்பு மிஞ்சினால் சுண்ட வை, இரண்டாம் நாள்தான் அது குழம்பு.

சோற்றில் மட்டும் விளையாடாதே. குக்கரில் இரவு முழுக்க அப்படியே விட்டுவிட்டுக் காலையில் வறுத்துச் சாப்பிடுகிறாய் என்று உன் தம்பி போட்டுக்கொடுத்துவிட்டான். அரிசியில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து வேகவைத்தாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் பெருகி நஞ்சு கக்கும், அந்த நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. வடித்த சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வை. மறுநாளே தீர்த்துவிடு. ஆவி பறக்கச் சூடாக்கு, அதுவும் ஒரே தடவை. பாட்டி பழைய சோறு சாப்பிடவில்லையா என்று கேட்பாய். அது தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது. உன் வீட்டுக் குளிரில் அது எங்கே புளிக்கப் போகிறது?

உன் மாமா மகன் பிப்ரவரியில் லண்டன் வருகிறான். அம்மா சாம்பார்ப்பொடி அரைத்து வைத்துவிட்டாள், ரசப்பொடியும் வரும். பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதாம். பெருங்காயம் தீர்ந்துவிட்டதா என்று பார்த்து ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்.

அன்புடன்,
அப்பா