எட்டாம் வகுப்பு மாணவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள வேண்டி

மதிப்பிற்குரிய முதன்மைக் கல்வி அலுவலர் அவர்களுக்கு, கொங்கு நாட்டு விசைத்தறி ஊர் ஒன்றின் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் வணக்கத்துடன் எழுதுவது.

சென்ற மாதம் எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் சக மாணவனைக் காம்பஸால் குத்தியதும், மறுநாளே அவனுக்கு மாற்றுச் சான்றிதழ் கொடுக்கப்பட்டதும் தாங்கள் அறிந்தவையே. குத்தியது தவறுதான், காயம்பட்ட பிள்ளை என் பக்கத்து வீட்டுப் பிள்ளை. ஆனால் எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து வெளியேற்றக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு சொல்லும்போது, "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று அவன் தாயாரிடமே எழுதி வாங்கிக்கொண்டது எந்த நியாயத்தில் சேரும்?

அந்தக் குடும்பச் சூழ்நிலை என்னவென்று யாரும் கேட்கவில்லை. தாயும் தகப்பனும் இரவு எட்டு மணிக்குத் தறிக்குடோனுக்குப் போனால் காலை எட்டு மணிக்குத்தான் திரும்புவார்கள். அப்போது இவன் சீருடையோடு வாசலில் நிற்பான். வாங்கிய முன்பணம் தீரும்வரை பகல் ஷிப்டு கேட்க அவர்களுக்கு வாய் வராது. சம்பள நாளன்று தகப்பன் குடித்துவிட்டு வந்து தாயை அடிப்பதையும் அவன் பார்த்தே வளர்ந்திருக்கிறான். அவன் மனம்விட்டுப் பேசிய ஒரே பெரியவர் கபடி சொல்லிக்கொடுத்த உடற்கல்வி ஆசிரியர். அவர் மாறுதலில் போன பிறகு அந்த இடம் காலியாகவே கிடக்க, விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டது.

வீட்டில் அடிதடி, கண்காணிப்பு இல்லாமை, பள்ளியோடு ஒட்டுதல் அறுவது, வம்புக்குப் போகும் கூட்டாளிகள் ஆகியவை வளரிளம் பருவத்தினரை வன்முறையின் பக்கம் தள்ளும் என்பதும், அவற்றில் ஒன்று மட்டும் இருப்பதைவிடப் பல சேரும்போதே ஆபத்து கூடும் என்பதும், நம்பத்தக்க ஒரு பெரியவரும் பள்ளிப் பிணைப்பும் அவர்களைக் காக்கும் என்பதும் தங்கள் துறை நடத்தும் பயிற்சிகளிலேயே சொல்லப்படுபவை. வன்முறையின் பக்கம் தள்ளும் அந்த நான்கில் இவனுக்கு முதல் இரண்டும் வீட்டிலேயே இருந்தன. மற்ற இரண்டையும் நாம் கொடுத்தோம். இப்போது அவன் பகல் முழுவதும் பேருந்து நிறுத்தத்தில், படிப்பை நிறுத்திய பெரிய பையன்களோடு உட்கார்ந்திருக்கிறான்.

எங்கள் பள்ளியில் போதைப்பொருள் எதிர்ப்பு உறுதிமொழி எடுத்த படம் மட்டும் உறுதிமொழி எடுத்த அன்றே மேலிடத்துக்குப் போய்விட்டது. பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாதென்ற 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்க, அந்தப் படத்தின் ஓரத்தில் தெரியும் பெட்டிக்கடையில் அது தாராளமாகக் கிடைப்பதைத் தாங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருளுங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ள உத்தரவிடவும், உடற்கல்வி ஆசிரியர் பணியிடத்தை நிரப்பவும், வாரம் ஒரு நாளாவது மனநல ஆலோசகர் ஒருவர் வர ஏற்பாடு செய்யவும் பணிவுடன் வேண்டுகிறேன். மற்றவை தாமதமானாலும், அவனைச் சேர்த்துக்கொள்வதற்குத் தங்கள் கையெழுத்து ஒன்றே போதும்.